ஊர் சொல்லும் கூட்டாஞ்சோறு!

குட்டீஸ், லீவு நாளில் நண்பர்களை வீட்டுக்குக் கூப்பிட்டு விருந்து வைக்க ஆசையா? சிப்ஸ் பாக்கெட், கூல்டிரிங்ஸ் எல்லாம் வேண்டாம். நம் பக்கத்தில் விளைந்ததை வைத்தே ஜமாய்க்கலாம். ஒரே ஒரு நிபந்தனை: சமையலில் சேரும் ஒவ்வொரு பொருளும் எந்த ஊரில் விளைந்தது என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்!

இதற்குப் பொருத்தமான சாப்பாடு கூட்டாஞ்சோறு. ஆளுக்கு ஒரு பொருள் கொண்டுவந்து, ஒரே பாத்திரத்தில் சமைத்து, எல்லோரும் சேர்ந்து சாப்பிடுவது. திருநெல்வேலிப் பக்கம் இது ரொம்பப் பிரபலம்.

யார் எதைக் கொண்டுவருவது?

ஆறு பேர் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் இரண்டு டம்ளர் அரிசி, இன்னொருவர் அரை டம்ளர் துவரம்பருப்பு. மூன்றாமவர் கத்தரிக்காய், வாழைக்காய். நான்காமவர் முருங்கைக்காயும் முருங்கைக்கீரையும். ஐந்தாமவர் தேங்காய், சின்ன வெங்காயம். ஆறாமவர் புளி, மிளகாய் வற்றல், சீரகம்.

எங்கே வாங்குவது?

அம்மா அல்லது அப்பாவுடன் காலையிலேயே உழவர் சந்தைக்குக் கிளம்புங்கள். தமிழகத்தின் முதல் உழவர் சந்தை 1999 நவம்பர் 14 அன்று, அதாவது குழந்தைகள் தினத்தில், மதுரையில் தொடங்கியது. இங்கே விவசாயிகளே நேரடியாக விற்பதால், நீங்கள் கொடுக்கும் காசு இடையில் யார் கைக்கும் போகாமல் அவர்களிடமே சேரும். காயும் புதுசாக இருக்கும். கீரையைப் பறித்து நாள்கணக்கில் வைத்திருந்தால் அதிலுள்ள வைட்டமின் சி குறைந்துகொண்டே போகும்.

இயற்கைக் காய் எது?

பூச்சி ஓட்டை இருந்தால் மருந்து அடிக்காத காய் என்று சிலர் சொல்வார்கள். அதை நம்பிவிடாதீர்கள்! மருந்து அடித்த காயிலும் ஓட்டை இருக்கலாம். பக்கத்து ஊரில் விளைந்தது என்பதற்காகவே அது இயற்கைக் காய் ஆகிவிடாது. விற்பவரிடமே, "அண்ணா, பூச்சிக்கு என்ன தெளிப்பீங்க? என்ன உரம் போடுவீங்க?" என்று கேளுங்கள். வேப்பங்கொட்டைக் கரைசல், பஞ்சகவ்யா, தொழுவுரம் என்று விளக்கமாகச் சொன்னால் சந்தோஷம். கடையில் பாக்கெட்டாக வாங்கினால் 'ஜைவிக் பாரத்' முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள்.

எப்படிச் சமைப்பது?

அடுப்பு வேலை பெரியவர்களுடையது. கழுவுவது, கீரை ஆய்வது, வெங்காயம் உரிப்பது உங்கள் வேலை.

பருப்பை எட்டு டம்ளர் தண்ணீரில், கொஞ்சம் மஞ்சள்தூள் போட்டு அரைவேக்காடாக வேகவிட்டு, அரிசியும் காய்களும் சேர்க்கவும். அவை நன்றாக வெந்த பிறகுதான் புளிக்கரைசலும் உப்பும். புளியை முதலிலேயே ஊற்றினால், அதன் புளிப்பால் பருப்பும் காயும் சீக்கிரம் வேகாது. பிறகு தேங்காய், மிளகாய் வற்றல், சீரகம், சின்ன வெங்காயம் அரைத்த விழுதையும் கீரையையும் போட்டுக் கிளறவும். கடைசியில் நல்லெண்ணெயில் கடுகு, கறிவேப்பிலை, பெருங்காயம் தாளித்துக் கொட்டினால், கமகம கூட்டாஞ்சோறு தயார்!

பரிமாறும் முன்...

ஒரு அட்டையில் பொருள்களின் பெயரை வரிசையாக எழுதி, எதிரே ஊர்ப் பெயரை எழுதுங்கள். கீரை உங்கள் வீட்டுக் கொல்லை என்றால் அதையும் எழுதலாம். துவரம்பருப்பு மகாராஷ்டிரத்திலிருந்தோ கர்நாடகத்திலிருந்தோ வந்திருக்கலாம். பெருங்காயம்தான் பெரிய பயணி! அதன் பால் பெரும்பாலும் ஆப்கானிஸ்தான், ஈரான் போன்ற நாடுகளிலிருந்து வருகிறது. 2020 அக்டோபரில்தான் இமாச்சலப் பிரதேசத்தின் லாஹௌல் பள்ளத்தாக்கில் பெருங்காயச் செடியைப் பயிரிடத் தொடங்கினார்கள்.

தூரத்திலிருந்து வந்ததைச் சேர்த்தால் தப்பில்லை. உள்ளதை உள்ளபடி எழுதுங்கள், போதும். எந்த ஊர் என்று தெரியாத பொருளுக்கு நேராகக் கேள்விக்குறி போடுங்கள். அடுத்த முறை கடைக்காரரிடம் கேட்டு அதை நிரப்ப வேண்டும்.

வாழை இலையில் சாப்பிடுங்கள். சாப்பிட்டு முடித்ததும் இலையையும் காய்த் தோலையும் குழி தோண்டி மண்ணில் போட்டு மூடுங்கள். சில மாதங்களில் செடிக்கு உரம் ரெடி!

உங்கள் அட்டையில் எத்தனை ஊர், எத்தனை கேள்விக்குறி? எண்ணிப் பாருங்களேன்!