உயிரைத் தாங்கும் அரைக்கால் அங்குலக் கம்பி!
வீட்டிலேயே ஆகாய விமானம் செய்பவர்கள் எதற்கு அஞ்சுகிறார்கள்?

விழுப்புரம் சந்திப்பு. ஐந்து திசைகளிலிருந்து தண்டவாளங்கள் வந்து கூடும் இடம்.

நீராவி ரயில்கள் ஓடிய காலத்தில் அங்கே கைகாட்டி மரங்கள் நின்றன. கை நீட்டியபடி நின்றால், "நில்!" கை தாழ்ந்தால், "போ!"

அந்தக் கையைத் தாழ்த்தியவர் பக்கத்தில் இருக்கமாட்டார். தொலைவில் கேபினில் இருப்பார். அவர் நெம்புகோலை இழுப்பார். தரையோரம் கப்பிகளின் மேல் ஓடும் கம்பி நகரும். கைகாட்டி தாழும்.

அந்தக் கம்பி நடுவில் அறுந்துபோனால் என்ன ஆகும்?

ஒன்றும் ஆகாது! கைகாட்டி தானாகவே நிமிர்ந்து "நில்" என்று காட்டும். அதற்காகவே ஓர் எடையைக் கட்டி வைத்திருந்தார்கள். ரயில் நிற்கும். பயணிகள் பிழைப்பார்கள்.

ஆகாய விமானத்திலும் இப்படித்தான் கம்பி ஓடுகிறது. ஆனால், ஆகாயத்தில் "நில்" என்பது கிடையாது!

வீட்டிலேயே விமானம்

விமானம் என்றால் பெரிய தொழிற்சாலையில்தான் செய்ய முடியும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல.

1903-ஆம் ஆண்டு டிசம்பர் 17-ந் தேதி உலகின் முதல் விமானத்தில் பறந்த ரைட் சகோதரர்கள் சைக்கிள் கடைக்காரர்கள். முதலில் பறந்தது 12 விநாடி. 120 அடி தூரம். விமானி படுத்தபடியே இடுப்பை அசைத்தார். இடுப்போடு இணைந்த கம்பிகள் இறக்கையை முறுக்கின. விமானம் சாயாமல் சமநிலையில் சென்றது.

ஏழு ஆண்டுகளுக்குள் அந்த அதிசயம் நம் சீமைக்கே வந்துவிட்டது!

சென்னை மவுண்ட் ரோட்டில் ஓட்டல் நடத்தியவர் ஜியாகோமோ டி ஏஞ்சலிஸ். அவர் தாமே ஒரு விமானத்துக்குத் திட்டம் போட்டார். குதிரை வண்டிகளும் மோட்டார்களும் கட்டிய சிம்ப்சன் கம்பெனியார் அதைச் செய்து கொடுத்தார்கள். 1910 மார்ச் மாதத்தில் அது பல்லாவரத்தில் பறந்தது. இந்தியாவில் முதன்முதலாகப் பறந்த விமானம் இதுதான் என்று சொல்வார்கள்.

இன்றும் பல்லாவரத்திலிருந்து நேரே தெற்கே போகிற பெருஞ்சாலைதான் திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் வருகிறது.

பேசாதவர் செய்த விமானம்

நம் காலத்திலும் இப்படிப்பட்டவர்கள் உண்டு.

கேரளத்தில் தொடுபுழா பக்கத்தைச் சேர்ந்தவர் சாஜி தாமஸ். காது கேளாதவர், வாய் பேச முடியாதவர். பள்ளிப் படிப்பு ஏழாம் வகுப்போடு சரி. பல ஆண்டுகள் பாடுபட்டு ஒரு சிறு விமானம் செய்தார். 2014-ஆம் ஆண்டில் திருநெல்வேலி மாவட்டம் மணிமுத்தாறில் அது வானில் எழும்பியது. ஓட்டியவர், ஓய்வுபெற்ற விமானப்படை அதிகாரி ஒருவர்.

மும்பையைச் சேர்ந்த விமானி அமோல் யாதவ் தம் வீட்டு மொட்டை மாடியிலேயே ஆறு பேர் உட்காரும் விமானத்தை உருவாக்கினார். அது 2016-ல் மும்பைக் கண்காட்சியில் வைக்கப்பட்டது. 2017-ல் அரசாங்கத்தில் பதிவு பெற்றது.

இவர்கள் எல்லாருக்கும் பொதுவான கவலை ஒன்று உண்டு. யந்திரம் நின்றுபோனால்கூட விமானம் சறுக்கிக்கொண்டே கீழே வரும். ஒரு வயலில் இறக்கிவிடலாம். ஆனால், திருப்புகிற கம்பி கைவிட்டால்?

மூன்று மடல்கள்

விமானத்தைத் திருப்ப மூன்று உறுப்புகள் இருக்கின்றன.

இறக்கைகளின் பின்விளிம்பில் பக்கத்துக்கு ஒரு மடல். இவை விமானத்தை வலப்பக்கமோ இடப்பக்கமோ சாய்க்கும்.

வாலில் படுக்கையாக ஒரு மடல். இது மூக்கை மேலே தூக்கும், கீழே தாழ்த்தும்.

வாலில் செங்குத்தாக ஒரு மடல். படகுக்குச் சுக்கான் போல, இது மூக்கை இடமும் வலமும் திருப்பும்.

விமானியின் கையில் ஒரு கோல். காலடியில் இரண்டு மிதிகள். பல சிறு விமானங்களில் இவற்றையும் மடல்களையும் இணைப்பது எஃகுக் கம்பிக் கயிறுதான்.

கயிற்றின் கனம் எவ்வளவு தெரியுமா? பெரும்பாலும் அரைக்கால் அங்குலம். சிலவற்றில் அதைவிடவும் மெல்லியது!

ஆனால், அது ஒரே கம்பி அல்ல. 19 மெல்லிய இழைகளை முறுக்கினால் ஒரு புரி. அப்படி 7 புரிகளை முறுக்கினால் ஒரு கயிறு. ஆக மொத்தம் 133 இழைகள்! அரைக்கால் அங்குலக் கயிறு சுமார் 900 கிலோ எடையைத் தாங்கும். அதாவது, நூறு கிலோ நெல் மூட்டைகள் ஒன்பது!

கடையாணி தத்துவம்

கயிறு பலமாக இருந்தால் போதுமா? போதாது. அதைக் கட்டுகிற முறைதான் முக்கியம்.

கயிற்றின் நுனியை ஓர் உலோக வளையத்தில் சுற்றி மடக்குவார்கள். மடக்கிய இரு பகுதிகளையும் ஒரு செப்புக் குழலுக்குள் செருகி, விசேஷக் கருவியால் நசுக்குவார்கள். அரைக்கால் அங்குலக் கயிற்றுக்கு மூன்று இடத்தில் நசுக்க வேண்டும். சரியாக நசுங்கியதா என்று அளவுத் தகடு வைத்துப் பார்ப்பார்கள். தகட்டின் பிளவுக்குள் குழல் நுழையாவிட்டால் அந்தக் கட்டு செல்லாது!

அடுத்தது, டர்ன்பக்கிள் என்னும் முறுக்குருளை. மின்கம்பத்தை இழுத்துக் கட்டும் கம்பியில் இதுபோன்ற திருகை நீங்கள் பார்த்திருக்கலாம். ஒரு பக்கம் வலமரை, மறுபக்கம் இடமரை. உருளையைச் சுற்றினால் இரண்டு முனைகளும் உள்ளே வரும், கயிறு இறுகும். இரு பக்கமும் மரை நன்றாக உள்ளே போயிருக்க வேண்டும். மூன்று மரைக்கு மேல் வெளியே தெரியக்கூடாது. பிறகு, உருளை தானாகச் சுழன்று தளராதபடி மெல்லிய கம்பியால் அதைப் பூட்டிவிட வேண்டும்.

மாட்டு வண்டிக்குக் கடையாணி எப்படியோ, விமானத்தின் அசையும் மூட்டுகளுக்குக் காட்டர் பின் அப்படி. நட்டைப் போட்டு, அதன் பள்ளத்தின் வழியாகப் பின்னைச் செருகி, நுனிகளை மடக்கிவிடுவார்கள். நட்டு கழலாது.

போல்ட்டை மாட்டுவதிலும் ஒரு விவேகம் உண்டு. கூடுமானவரை அதன் தலை மேலே அல்லது முன்னால் இருக்க வேண்டும். ஏன்? ஒருவேளை நட்டு விழுந்துவிட்டாலும் போல்ட் தன் எடையால் அங்கேயே உட்கார்ந்திருக்கும்!

கிணற்றில் தண்ணீர் சேந்தும்போது, தளர்ந்த கயிறு கப்பியை விட்டு நழுவிச் சிக்கிக்கொள்வது உண்டு. விமானத்தில் அப்படி நடக்கலாகாது. அதற்காகக் கப்பியின் ஓரத்தில் சிறு தடுப்பு முளை வைப்பார்கள்.

வெயிலின் வேலை

திண்டிவனத்துச் சித்திரை வெயிலில் இரும்பு நீளும். கைகாட்டிக் கம்பியும் வெயிலில் நீண்டு தொய்ந்துபோகும். அதை இழுத்துச் சரிசெய்ய வேண்டியிருக்கும்.

அலுமினிய விமானத்தில் இதற்கு நேர் எதிர்! அலுமினியம் எஃகைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு நீளும். வெயிலில் விமானத்தின் உடல் நீள, உள்ளே இருக்கும் கயிறு விறைத்துக்கொள்ளும். மேலே குளிரில் உடல் சுருங்க, கயிறு தளரும்.

ஆகையால், அன்றைய வெப்பத்துக்கு எவ்வளவு இறுக்கம் வேண்டும் என்று கணக்குப் பார்த்து, அதற்குரிய கருவியால் அளந்துதான் கட்ட வேண்டும். கையால் தட்டிப் பார்த்து, "சரியாகத்தான் இருக்கிறது" என்று விட்டுவிடக் கூடாது.

கயிற்றில் இழை அறுந்திருக்கிறதா என்று பார்க்க ஒரு துணி போதும். கயிற்றைத் துணியால் பிடித்து மெதுவாக இழுத்துக்கொண்டே போவார்கள். அறுந்த இழை துணியில் மாட்டிக்கொள்ளும். உடனே கயிற்றை மாற்றிவிட வேண்டியதுதான்!

மேதையைக் கொன்ற தவறு

எல்லாம் பலமாக இருந்தும் ஒரு விபத்து நடந்தது.

இங்கிலாந்தைச் சேர்ந்த ராய் சாட்விக் பெரிய விமான மேதை. இரண்டாம் உலகப் போரில் புகழ்பெற்ற லங்காஸ்டர் குண்டு விமானத்தைத் திட்டமிட்டவர் அவரே.

1947-ஆம் ஆண்டு ஆகஸ்டு 23-ந் தேதி. தாம் திட்டமிட்ட டியூடர் என்ற விமானத்தின் சோதனை ஓட்டத்தில் அவரும் ஏறினார். விமானம் கிளம்பியது. சிறிது நேரத்தில் சாய்ந்தது. தரையில் மோதியது. சாட்விக் உள்பட நான்கு பேர் மாண்டார்கள்.

காரணம் என்ன? கயிறு அறவில்லை. நட்டு கழலவில்லை. பழுது பார்த்தபோது இறக்கை மடல்களின் கயிறுகளை மாற்றி மாட்டிவிட்டார்கள்! சாய்ந்த விமானத்தை நிமிர்த்தக் கோலைத் திருப்பத் திருப்ப, அது இன்னும் அதிகமாகச் சாய்ந்தது.

அசைகிறதா என்று பார்ப்பது மட்டும் போதாது. சரியான பக்கம் அசைகிறதா என்றும் பார்க்க வேண்டும்!

கட்டை விரல் காட்டும் வழி

இதற்கு விமானிகள் ஒரு சுலபமான வழி வைத்திருக்கிறார்கள். கோலைப் பிடித்துக் கட்டை விரலை மேலே நீட்ட வேண்டும். கோலை இடப்பக்கம் சாய்த்தால் விரலும் இடப்பக்கம் காட்டும். அந்தப் பக்கத்து மடல் மேலே எழும்பியிருக்க வேண்டும். வலப்பக்கமும் அப்படியே. மடல் கீழே போயிருந்தால், விமானம் தரையை விட்டுக் கிளம்பவே கூடாது!

இன்னொரு விதியும் உண்டு. கம்பியை மாட்டியவரே அதைச் சோதித்தால் போதாது. வேறொருவர் தனியாகப் பார்த்துச் சொல்ல வேண்டும். தன் வேலையில் தன் தவறு தன் கண்ணுக்குத் தெரியாது. சமையல் செய்தவர் உப்புப் பார்க்க இன்னொருவர் நாக்கைத் தேடுவதில்லையா? அதைப்போலத்தான் இதுவும்.

நம் நாட்டில் சிவில் விமானத் துறையின் அனுமதி இல்லாமல் எவரும் விமானம் செய்து பறந்துவிட முடியாது. அந்தச் சோதனைகளைத் தொல்லை என்று எண்ணுவது தவறு. அவையும் இன்னொருவருடைய கண்தான்.

கைகாட்டிக் கம்பி அறுந்தால் ரயிலை நிறுத்த ஓர் எடை இருந்தது. விமானத்துக்கு அப்படிப்பட்ட எடை எதுவும் இல்லை. தரையில் இருக்கும்போதே, "நில், இன்னும் ஒரு முறை பார்!" என்று சொல்லும் மனிதர்தான் அதற்குக் கைகாட்டி!