தொத்து நோய்க் காலத்தில் தனித்திருத்தல்: கிராமங்களுக்கு முன்னேற்பாட்டுப் பயிற்சி

2020-ஆம் ஆண்டு மார்ச்சு மாத இறுதியில், மேற்கு வங்காளத்தின் புருலியா ஜில்லாவிலுள்ள ஒரு சிற்றூருக்குச் சென்னையிலிருந்து ஏழு தொழிலாளர்கள் திரும்பினர். பதினான்கு நாட்கள் பிறரோடு சேராது வீட்டில் தனித்திருக்குமாறு மருத்துவர் பணித்தார். தனித்திருக்க அவர்தம் வீடுகளில் வேறு அறை ஏது? ஆகவே காட்டு யானைகளின் வரவைப் பார்க்கப் பயன்பட்ட மரங்களின் மீது கட்டில்களைக் கட்டி, கொசுவலையும் தொங்கவிட்டு அவர்கள் தங்கினர். செய்தி பரவியபின் அதிகாரிகள் மாற்றிடம் அளித்தனர். இதனை வேடிக்கையாகப் படித்தவர் பலர். ஆனால் தனிமையின் அவசியத்தை அவ்வூரார் நன்கறிந்திருந்தனர் என்பதே கவனிக்கத்தக்கது. அவர்களிடம் இல்லாதிருந்தது, முன்கூட்டியே வகுத்த ஏற்பாடு ஒன்றுதான்.

நோயுற்றவரைப் பிரித்து வைப்பது ஒன்று. நோயாளியோடு பழகியும் இன்னும் நோய்க்குறி காணாதவரைக் குறித்த கெடுவரை ஒதுக்கி வைப்பது மற்றொன்று. பின்னதையே 'குவாரன்டைன்' என்பர். கிருமி உடலில் புகுந்தபின் நோய் வெளிப்பட எத்தனை நாள் செல்லுமோ, அதனைப் பொறுத்தே கெடு அமைகிறது. இவ்விரு சாராரையும் ஒரே பள்ளிக்கூடத்து அறையில் அடைத்தல் நோயைப் பரப்புவதற்கே வழியாகும்.

தனிமையைக் கட்டளையால் மட்டும் நிலைநிறுத்த இயலாது என்பதைப் பெரியம்மை ஒழிப்பு இயக்கம் தெளிவாக்கியது. அவ்வியக்கத்தின் இறுதிக் கட்டமான 1974, 1975-ஆம் ஆண்டுகளில், பீகார் முதலிய இடங்களில் அம்மை கண்ட வீட்டு வாயிலில் இரவும் பகலும் காவலர் அமர்த்தப்பட்டனர். வருவோர்க்கு அம்மைப்பால் குத்தியபின்னரே அவர்கள் உள்ளே விட்டனர். அவ்வளவோடு நில்லாமல், அவ்வீட்டாருக்கு உணவுப் பொருளும் அளிக்கப்பட்டது. அன்றாடக் கூலியால் அடுப்பெரியும் குடும்பம் வெளியே செல்லாதிருக்க வேண்டுமாயின், அரிசி வாயிலுக்கு வந்தாக வேண்டுமன்றோ? 1977 ஏப்ரலில் இந்தியா பெரியம்மை அற்ற நாடெனச் சர்வதேசக் குழு சான்றளித்தது.

கோவிட் நோய் பரவியபோது ஒரிஸ்ஸா அரசாங்கம் (இன்று ஒடிசா) இப்பொறுப்பைக் கிராமங்களிடமே ஒப்படைத்தது. 2020 ஏப்ரலில் பஞ்சாயத்துத் தலைவர்களுக்கு, தத்தம் எல்லைக்குள் கலெக்டரின் அதிகாரம் வழங்கப்பட்டது. பள்ளிக் கட்டிடங்கள் தங்குமிடங்களாயின. கெடுவை முடித்தவர்க்கு 2,000 ரூபாய் ஊக்கத்தொகையும் அறிவிக்கப்பட்டது. எனினும், அதிகாரம் ஒரே நாளில் வந்துவிடும். பழக்கம் அவ்வாறு வாராது.

எனவே பயிற்சி என்பது நோயற்ற காலத்திலேயே நடைபெற வேண்டுவதாகும். சொற்பொழிவு ஒன்றை நிகழ்த்திக் கலைவதால் பயன் சிறிது. ஊரின் படத்தைத் தரையில் கோலமாவால் வரைந்து, வீடுவீடாக வினவுதல் நலம். தனியே வாழும் முதியோர் யார்? கைக்குழந்தையுள்ள தாயை ஒதுக்க நேர்ந்தால் குழந்தை எங்கே இருக்கும்? ஒதுக்கிடத்திற்கு எனத் தனிக் கழிப்பிடமும் தண்ணீரும் உண்டா? தினந்தோறும் மருந்துண்பவருக்கு அதனைக் கொண்டுசேர்ப்பவர் யார்? கணவனும் மனைவியும் ஒருங்கே ஒதுக்கப்பட்டால் மாட்டைக் கறப்பவர் யார்? இக்கடைசி வினா அற்பமாகத் தோன்றலாம். ஆயினும் மடிகனத்துக் கதறும் மாட்டின் பொருட்டு இரவில் வெளியேறுபவரை எந்தக் காவலும் தடுப்பதரிது. பக்கத்து வீட்டார் ஒருவரின் பெயரை அப்போதே குறித்துவிட்டால் அவ்விடர் நீங்கும். கிணற்றடியிலும் கடையிலும் அக்குடும்பத்தார் இழிவுபடுத்தப்படுவரெனில் அடுத்த நோயாளி மறைக்கப்படுவார். ஆதலின் இப்பேச்சில் பெண்டிரும் கூலியாட்களும், ஊரின் கடைக்கோடித் தெருவினரும் அமர்தல் இன்றியமையாதது.

ஒத்திகையை மழைக்காலத்திலும் ஒருமுறை நடத்துதல் வேண்டும். 2020 மே மாதம் ஆம்பன் புயல் கீழ்க்கரையை நெருங்கியபோது, புயற்காப்பு இல்லங்களில் சில ஏற்கெனவே தனிமை நிலையங்களாக மாற்றப்பட்டிருந்தன. ஒரே கட்டிடத்தை இரண்டு ஆபத்துகளுக்கும் எழுதி வைத்துள்ள கிராமம், இரண்டாவதாக ஒரு கட்டிடத்தின் பெயரையும், அதன் சாவி எவர் கையிலுள்ளது என்பதையும் பதிவேட்டில் குறித்துக்கொள்வது நன்று.