பாம்பன் கடலில் ஒரு நாள்

இராமேசுவரம் தீவுக்கு வடக்கே பாக் விரிகுடா; தெற்கே மன்னார் வளைகுடா. தென்மேற்குப் பருவக்காற்றின்போது தென்கடல் கொந்தளிக்க, வடகடல் ஓரளவு அமைதியாயிருக்கும். வடகிழக்குப் பருவத்தில் நிலைமை தலைகீழாகும். ஆதலின் இத்தீவின் மீனவர் பருவத்திற்கேற்பக் கரை மாற்றித் தொழில் செய்வர். இரு பருவங்களுக்கும் இடைப்பட்ட அக்டோபர் மாதத்திலோ காற்றை ஒரு திசைக்கு உரியதெனக் கூற இயலாது.

அத்தகைய நாளொன்றில் பாம்பனின் தென்புறத்தினின்று இயந்திரப் படகில் மேற்கு நோக்கிப் புறப்படுவதாகக் கொள்வோம். விடியற்காலையில் குளிர்ந்த நிலத்தினின்று கடலை நோக்கி மென்காற்று வீசும். நீரின்மேல் அது ஓடிய தொலைவு குறைவாகையால் கரையருகே அலை எழாது. கரையில் நின்று நோக்குவார்க்குக் கடல் முழுவதும் அவ்வாறே எனத் தோன்றும். அதனை நம்பித் தொலைவு சென்றவர், காற்று வலுத்தால், திரும்பும் வழியெல்லாம் எதிரலையில் இடர்ப்பட நேரும்.

முற்பகலில் நிலம் சூடேறக் கடற்காற்று தொடங்கும். அலைமுகட்டில் ஆங்காங்கே வெண்ணுரை தோன்றின் காற்றின் வேகம் மணிக்கு 12 முதல் 19 கிலோமீட்டர். அடிக்கடி காணப்படின் 20 முதல் 28. கருவியின்றி மாணவரும் அறியத்தக்க இவ்வளவுமுறை போபோர்ட் என்பவரின் பெயரால் வழங்குகின்றது. வேகம் இருமடங்கானால் காற்றின் அழுத்தம் நான்கு மடங்காகும் என்பதையும் உடன் கற்பித்தல் நன்று.

குருசடை, மனோலி, முயல் தீவு முதலியவற்றின் உட்புறமாகச் செல்லும் படகுக்கு அத்தீவுகளே அரணாகும். ஆயினும் அவற்றைச் சூழ்ந்து பவளப்பாறைகள் உள. இத்தீவுகள் 1986-ஆம் ஆண்டில் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டவை; அனுமதியின்றி இறங்கலாகாது.

உண்மையான அபாயம் பிற்பகலில் வருவது. நிலத்தின்மேல் திரண்ட இடிமேகத்தினின்று குளிர்ந்த காற்று கீழிறங்கி, மழைக்கு முன்னரே கடற்பரப்பில் பரவும். திடீர்க் குளிர்ச்சியும், நீரின்மேல் நெருங்கிவரும் கரிய கோடும் அதன் அறிகுறிகள். சில நிமிடங்களில் காற்றின் திசையே மாறிவிடும். அதற்குள் மிதவைச் சட்டைகளை அணிந்து, யாவரும் தாழ அமர்தல் வேண்டும். வேகத்தைக் குறைத்து, முகப்பை அலைக்குச் சற்றே சாய்வாக வைத்துச் செலுத்துக. இயந்திரம் நின்றுவிடின் முகப்பிலிருந்து நங்கூரத்தை இறக்குக; படகு காற்றை எதிர்நோக்கி நிற்கும். பக்கவாட்டில் அலையை ஏற்பதே படகைக் கவிழ்க்கும்.

பாய்மரப் படகோட்டி காற்றை ஆராயாது கரையை விட்டகலான். ஏனெனில் காற்றே அவன் இயந்திரம். கொண்டல், கச்சான், வாடை, சோழகம் என்னும் பெயர்கள் அவனுக்குப் பாடமாயிருந்தன. இயந்திரப் படகோ எக்காற்றிலும் புறப்பட்டுவிடும். இந்த வசதி அவ்வறிவை மங்கச் செய்திருக்கிறது என்பது எம் கருத்து. கடலோரப் பள்ளிகளில் காலை, நண்பகல், மாலை மூவேளையும் காற்றுத் திசையை இப்பெயர்களாலேயே குறித்துவரச் செய்யலாம்.

1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயலைக் கண்ட கரை இது. எனினும் புயல் எச்சரிக்கைக் கூண்டின் எண் உயர்ந்தால் புயலின் வலிமையும் அவ்வளவே உயர்ந்தது என இன்றும் பலர் கருதுகின்றனர். அது முற்றிலும் சரியன்று. 1-ஆம் எண் தொலைவில் உருவான தாழ்வழுத்தத்தைக் குறிக்கும். 3-ஆம் எண் பலத்த காற்று அத்துறைமுகத்தையே தாக்கக்கூடும் என்பதைக் குறிக்கும். 5, 6, 7 ஆகியவற்றிடையே உள்ள வேறுபாடு வலிமையிலன்று. புயல் துறைமுகத்தின் எப்பக்கமாகக் கடக்கும் என்பதிலேயே உள்ளது. சிறு படகுக்கு 3-ஆம் எண்ணே போதும்: அன்று அது கரையில் கட்டுண்டு கிடக்க வேண்டியதே.