கோவிந்த நாமமும் பன்னிரு சிவாலயங்களும்

குமரி மாவட்டத்தில், கத்தோலிக்க மீனவர் வாழும் இனயத்துக் கடற்கரையிலிருந்து உள்நாட்டுப் பக்கமாகச் சில மைல் சென்றால் வருவது முஞ்சிறை; அங்குள்ள திருமலை மகாதேவர் சந்நிதியிலிருந்து, மகாசிவராத்திரிக்கு முந்தின நாள் மாலையில், காவியுடுத்த அடியார்கள் கையில் விசிறியுடன் ஓடத் தொடங்குகிறார்கள். திக்குறிச்சி, திற்பரப்பு, திருநந்திக்கரை, பொன்மனை, பன்னிப்பாகம், கல்குளம், மேலாங்கோடு, திருவிடைக்கோடு, ஓர் இராச்சியத்துக்கே பெயர் வழங்கிய திருவிதாங்கோடு, திருப்பன்றிக்கோடு என்று இரவும் பகலுமாக விரைந்து, நீராடி ஈர உடையோடே வணங்கி, நூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட வழியைக் கடந்து, பன்னிரண்டாவதாகிய திருநட்டாலத்தை அடைகிறார்கள். சிவனை நாடி ஓடும் இவர்கள் வாயில் இடைவிடாது எழும் கோஷமோ "கோவிந்தா, கோபாலா" என்பது.

தருமபுத்திரனுடைய யாகத்துக்குப் பாதி மனிதனும் பாதி விலங்குமான புருஷாமிருகத்தின் பால் வேண்டியிருந்தது என்றும், திருமாலின் நாமத்தைக் கேட்கவும் சகியாத, சிவபக்தியுள்ள அவ்விலங்கு கோவிந்த கோஷத்தோடு வந்த வீமனைச் சினந்து துரத்திற்று என்றும், கிருஷ்ணன் கொடுத்தனுப்பிய பன்னிரண்டு உருத்திராட்சங்களை வீமன் ஒவ்வொன்றாக நிலத்திலிட, அவை இலிங்கங்களாக, அது பூசையில் ஆழ்ந்த வேளையிலெல்லாம் அவன் முன்னேறினான் என்றும் ஐதிகம் கூறும். ஓட்டம் முடிந்த நட்டாலத்தில் அரியும் அரனும் ஒரே திருமேனியராய், சங்கரநாராயணராய்க் கோயில் கொண்டிருக்கிறார்கள்.

பரம்பொருள் ஒன்றே என்பது வேதாந்த சித்தாந்தம். சுசீந்திரத்தில் மும்மூர்த்திகளும் தாணுமாலயன் என ஒரே பெயரில் வழிபடப்படுவதும் அதற்குச் சான்றே. எனினும், பேதத்தை அழிக்காமலே அபேதத்தைக் காட்டுவதுதான் இந்து சமயத்தின் தனிச்சிறப்பு என்பது என் துணிபு. பரம்பொருள் ஒன்றாயிருக்க, ஓராலயத்தோடு நின்றுவிடலாமே என்று ஓடுகிறவர் எவரும் எண்ணுவதில்லை. திற்பரப்பில் வீரபத்திரராகவும் கல்குளத்தில் நீலகண்டராகவும் அவ்வவ்வூர் மக்களுக்கு உரியவனாகி நிற்கும் இறைவனை, அந்தந்த ஊருக்கே சென்று காண்பதில்தான் அவர்கள் மனம் நிறைவெய்துகிறது. அருகிலுள்ள மண்டைக்காட்டிலோ பராசக்தி புற்று வடிவிலேயே பகவதியாக வணங்கப்படுகிறாள். எல்லையற்றதொன்று இத்தனை எளிய வடிவங்களுக்கு இசைந்து வருவதைக் குறைபாடென்று கருதுவோர், கருணை என்பதன் இயல்பை உணராதவர்களே.

தெய்வக் கொள்கையை நூல்களில் தேடும் அன்பர்கள், அடுத்த சிவராத்திரிக்கு ஒருமுறையேனும் இப்பக்கம் வரவேண்டும். ஓட இயலாதவர்கள் வழியோரம் நின்று, ஓடிவரும் அடியார்களுக்கு மோரோ சுக்குநீரோ வழங்கலாம்.