டிவிடி பாதியில் நின்றால்...

நாகமலை புதுக்கோட்டையில் நூலகத்திலிருந்து என் தங்கை எடுத்து வந்த இயற்பியல் பாட டிவிடி, இருபதாவது நிமிடத்தில் உறைந்து நின்றது. முன்பு எடுத்துப் போனவர்கள் யாரும் நூலகரிடம் சொல்லவில்லை போலும்.

உங்களுக்கும் இப்படி நேர்ந்தால், முதலில் டிஸ்க்கை வேறொரு டிரைவில் போட்டுப் பாருங்கள். அங்கே ஓடினால் கோளாறு உங்கள் டிரைவில் இருக்கலாம். அங்கும் நின்றால், அடிப்பக்கத்தை மென்மையான பருத்தித் துணியால் நடுவிலிருந்து விளிம்பு நோக்கி நேராகத் துடையுங்கள். வட்டமாகத் துடைக்க வேண்டாம். தகவல்கள் சுருள் பாதையில் பதிவாகியுள்ளன. பாதைக்குக் குறுக்கே விழும் சிறு கீறலை டிரைவின் பிழை திருத்தும் வசதி சமாளித்துவிடும்; பாதையோடு ஓடும் கீறலைச் சமாளிப்பது கடினம். அமெரிக்க தேசியத் தர நிர்ணய, தொழில்நுட்பக் கழகம் 2003-ல் நூலகர்களுக்காக வெளியிட்ட கையேடும் இப்படித்தான் துடைக்கச் சொல்கிறது.

1.2 மி.மீ. தடிமனுள்ள டிவிடியில் தகவல் அடுக்கு, இரு பிளாஸ்டிக் தகடுகளுக்கு நடுவே இருக்கிறது. ஆகவே மெல்லிய கீறலைப் பாலிஷ் செய்து நீக்கலாம். விரிசல் இருந்தால் டிரைவில் போடவே கூடாது. வேகமாகச் சுழலும்போது உடைந்துவிடலாம்.

துடைத்தும் சரியாகவில்லையா? எந்த நிமிடத்தில் நின்றது என்று ஒரு சீட்டில் எழுதி நூலகரிடம் கொடுங்கள். பேசாமல் திருப்பிக் கொடுத்தால், அடுத்து எடுப்பவருக்கும் பாடம் பாதியில்தான் நிற்கும்.