தேவபயமும் அன்றாட வாழ்வும்

"தேவபயம் என்றால் என்ன?" என்று வினவினால் மாணவர்களில் பெரும்பாலானோர் "கடவுள் தண்டிப்பார் என்று பயப்படுதல்" என எழுதிவிடுகின்றனர். இது அரைவாசி விடை மாத்திரமே. பழைய ஏற்பாட்டில் இதற்குப் பயன்படும் 'யிர்ஆ' என்னும் எபிரேயச் சொல் அச்சத்தையும் பயபக்தியையும் ஒருங்கே குறிப்பதாகும்.

யாத்திராகமம் 20:20ஐ எடுத்து நோக்குவோம். சீனாய் மலையில் இடிமுழக்கத்தையும் மின்னலையும் கண்டு நடுங்கி நின்ற மக்களிடம், அஞ்ச வேண்டாம் என்கிறார் மோசே. அதே வசனத்திலேயே, பாவம் செய்யாதிருக்கத் தேவபயம் அவர்களிடம் இருக்க வேண்டும் எனவும் கூறுகிறார். இது முரண்பாடன்று. நீங்க வேண்டிய பயம் ஒன்று, வளர வேண்டிய பயம் இன்னொன்று. 13ஆம் நூற்றாண்டின் இறையியலாளர் தோமஸ் அக்குவைனாஸ் இவற்றை அடிமைக்குரிய பயம், பிள்ளைக்குரிய பயம் என வேறுபடுத்தினார். அடிமை தண்டனைக்கு அஞ்சுகிறான். பிள்ளையோ தன் தந்தையின் மனதை நோகச் செய்து அவரை விட்டுப் பிரிந்துவிடுவேனோ என்று அஞ்சுகிறது.

சரி, இப்பயம் அன்றாட வாழ்வில் எங்கே வெளிப்படும்? ஆலயத்தில் என்றே பலரும் எழுதுவர். ஆனால் லேவியராகமம் 19:14 நம்மை வேறோர் இடத்திற்கு அழைத்துச் செல்கின்றது. செவிடரைத் திட்டக்கூடாது, குருடருக்கு முன்பாகத் தடைக்கல்லை வைக்கக்கூடாது, தேவனுக்குப் பயப்பட வேண்டும் என்பதே அக்கட்டளையின் சாரம். இங்கு தேவபயம் ஏன் வருகின்றது எனச் சற்றுச் சிந்தியுங்கள். செவிடருக்குத் திட்டியது கேட்காது. குருடருக்குக் கல்லை வைத்தவர் யாரென்று தெரியாது. முறைப்பாடு செய்ய ஆளில்லை, சாட்சியும் இல்லை. மனிதருக்குப் பயந்து நல்லவனாக நடப்பவனுக்கு இவ்விடத்தில் தடையே கிடையாது. தேவனுக்குப் பயப்படுபவனுக்கு மட்டுமே தடை உண்டு.

கண்பார்வை மங்கிய கடைக்காரர் மிச்சக்காசைக் கூடுதலாகத் தந்துவிட்டால் நாம் என்ன செய்கிறோம்? போலிப் பெயரில் முகநூல் கணக்கைத் திறந்து வகுப்புத் தோழியைக் கேலி செய்வதும் குருடருக்கு முன் கல்லை வைப்பதும் ஒன்றுதானே! மேற்பார்வையாளர் மறுபக்கம் திரும்பும் பரீட்சை மண்டபத்தைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. இதற்கு முந்திய வசனம் (19:13) கூலியாளின் கூலியை விடியும்வரை வைத்திருக்கலாகாது என்கின்றது. வீட்டில் வேலைக்கு வருபவரின் சம்பளத்தை இழுத்தடிக்கும் பெரியவர்களுக்கும் இது பொருந்தும்.

தேவபயம் ஒருவரைக் கோழையாக்கும் என எண்ணுவதும் தவறு. எகிப்தில் எபிரேய ஆண் குழந்தைகளைப் பிறக்கும்போதே கொல்லும்படி பார்வோன் கட்டளையிட்டபோது, சிப்பிராள், பூவாள் என்னும் இரு மருத்துவச்சிகள் தேவனுக்குப் பயந்ததால் அதற்குக் கீழ்ப்படியவில்லை (யாத்திராகமம் 1:15-21). பெரிய பயம் சிறிய பயத்தை வென்றது எனலாம். யாத்திராகமம் அந்தப் பார்வோனின் பெயரைக் குறிப்பிடவில்லை, இம்மருத்துவச்சிகளின் பெயர்களையே குறிப்பிடுகின்றது என்பதையும் கவனத்திற்கொள்க.

மாணவர்கள் அதிகம் பயன்படுத்தாத, ஆனால் மிகச் சிறந்த உதாரணம் நெகேமியா ஆவார். பாரசீக அரசின் கீழ் ஏறக்குறைய கி.மு. 445 முதல் 12 ஆண்டுகள் யூதாவின் ஆளுநராக இருந்தார். அவருக்கு முன்னிருந்த ஆளுநர்கள் மக்களிடமிருந்து உணவும் திராட்சரசமும் 40 சேக்கல் வெள்ளியும் அறவிட்டனர். அவர் தமக்குரிய படியை வாங்கவில்லை. மாறாகத் தமது மேசையில் 150 பேருக்கு உணவளித்தார். சுவரைக் கட்டும் வேலையால் மக்கள் ஏற்கனவே களைத்திருந்தனர். தாம் அவ்வாறு அறவிடாததற்குத் தேவபயத்தையே காரணமாகக் கூறுகிறார் (நெகேமியா 5:14-18). பதவியினால் கிடைக்கும் உரிமையையும் விட்டுக்கொடுக்கச் செய்கின்ற பயம் இது.

இத்தகைய பயம் பிறவியிலேயே வருவதன்று, கற்றுக்கொள்ளப்படுவது. உபாகமம் 17:18-19இன்படி, அரசன் நியாயப்பிரமாணத்தின் பிரதியொன்றைத் தனக்கென எழுதி, ஆயுள் முழுவதும் நாள்தோறும் வாசித்துத் தேவனுக்குப் பயப்படக் கற்க வேண்டும். ஆகவே தினசரி வேத வாசிப்பு, செபம், இரவில் அன்றைய நாளை நினைத்துப் பார்த்தல் ஆகியவற்றை எழுதும்போது வெறும் பெயர்ப்பட்டியலாக எழுதாமல் இவ்வசனத்துடன் தொடர்புபடுத்தி விளக்குங்கள்.

பயிற்சி வினா: "பூரண அன்பு பயத்தை நீக்கும் என்னும் கருத்து (1 யோவான் 4:18) தேவபயத்திற்கு எதிரானதா? இரண்டு வேதாகம உதாரணங்களுடன் ஆராய்க." விடை எழுதுமுன் 17ஆம் வசனத்தையும் சேர்த்து வாசியுங்கள். அங்கு நியாயத்தீர்ப்பு நாளும், தொடர்ந்து தண்டனையும் பேசப்படுவதால், நீக்கப்படும் பயம் எவ்வகையானது எனத் தீர்மானிக்க முடியும்.