இரவிலும் ஓயாத காற்று

பொழுது சாய்ந்ததும் வயல்வேலை ஓய்கிறது. காற்றிலே நடைபெறும் இரசாயன மாற்றங்களோ ஓய்வதில்லை, வேலையாள்தான் மாறுகிறான்.

பகல் வேலையாள் ஐதரொட்சில் மூலிகம். மூலிகம் என்பது சோடி சேராத இலத்திரன் ஒன்றைக் கொண்டது. ஆகவே எதிர்ப்படும் வாயுக்கள் பலவற்றுடன் விரைவில் தாக்கமுறும். இது தோன்றச் சூரிய ஒளி வேண்டும்.

இருட்டியதும் அதன் இடத்துக்கு நைத்திரேற்று மூலிகம் வருகிறது. வாகனப் புகையிலிருந்து வரும் நைதரசனீரொட்சைட்டு ஓசோனுடன் தாக்கமுறும்போது இது உண்டாகிறது. பகலிலும் உண்டாகலாம், ஆனால் சூரிய ஒளி அதனைச் சில செக்கன்களில் சிதைத்துவிடும். இரவிலே அது நிலைத்து, நைதரசனீரொட்சைட்டுடன் மேலும் சேர்ந்து, ஈரமான நுண்துணிக்கைகளின் மேல் நைத்திரிக்கமிலமாக மாறுகிறது.

இதனால் வரும் தீங்கு என்ன? அமெரிக்காவின் கலிபோர்னியாவிலுள்ள சான் வாக்கீன் பள்ளத்தாக்கைப் பார்ப்போம். திராட்சையும் பாதாமும் விளையும், பாற்பண்ணைகள் நிறைந்த பூமி அது. இருபுறமும் மலை, குளிர்காலத்தில் காற்று அசையாது தேங்கும். மாட்டுச் சாணத்திலிருந்தும் சிறுநீரிலிருந்தும் எழும் அமோனியா, இரவில் உண்டான நைத்திரிக்கமிலத்துடன் சேர்ந்து அமோனியம் நைத்திரேற்றுத் துணிக்கைகளாகிறது. இவை நுரையீரலின் ஆழம்வரை செல்லக்கூடியவை.

2013ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அங்கு விமானங்கள் மூலம் காற்று அளக்கப்பட்டது. நிலத்தை ஒட்டிய காற்றில், வாகனங்கள் விடும் நைத்திரிக்கொட்சைட்டு ஓசோனையும் இந்த மூலிகத்தையும் அழித்துவிடுகிறது. அதற்கு மேலுள்ள படையிலேதான் இரவு வேலை மும்முரமாக நடக்கிறது. காலையில் வெயில் ஏறி நிலம் சூடானதும் மேற்படையும் கீழ்ப்படையும் கலக்கின்றன. இரவில் மேலே உண்டான துணிக்கைகள் மக்கள் சுவாசிக்கும் காற்றுக்கு இறங்கி வருகின்றன. விடியற்காற்று தூயது என்று நம்பி வெளியே வருவோர் இதை அறிவதில்லை.

அப்படியானால் குற்றம் மாட்டின்மீதா, வாகனத்தின்மீதா? இரண்டுக்கும் பங்குண்டு. எனினும் அப்பள்ளத்தாக்கில் அமோனியா தேவைக்கு மிஞ்சியே இருக்கிறது. அதில் ஓரளவைக் குறைத்தாலும் துணிக்கைகள் அதிகம் குறையமாட்டா. குறைவாக உள்ளது நைத்திரிக்கமிலமே. ஆகவே அதற்கு மூலமான புகையைக் கட்டுப்படுத்துவதே கூடிய பலன் தரும். பகலில் நிலமட்டத்தில் மட்டும் அளந்திருந்தால் இந்த இரவுப் படி கண்ணில் பட்டிராது. நோயின் வேர் தெரிந்தால்தான் மருந்தை எங்கே இடுவதென்பதும் தெரியும்.